வெயில்தீவு அழகிகளும் நன்னடத்தைக் கமிட்டியும்

திருத்தணியில் மலைமேல் இருக்கிறவருக்கு ஆறு முகம். மலைக்குக் கீழே இருக்கிற பெரிய மனிதர்களுக்கு எத்தனை முகம் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால், அந்தப் பெரிய மனிதர்கள் கூடி நன்னடத்தைப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்குக் காரணம் ஒரு சினிமா.

சிங்காரம் டாக்கீஸில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஒரு வெளிநாட்டுப் படம் வந்திருந்தது. அதன் சொந்தப் பெயர் எந்த பாஷையில் இருந்தது என்று அனுப்பி வைத்தவனுக்கே தெரியாது. கொட்டகை முதலாளி சிங்காரம் தானே 'வெயில்தீவு அழகிகள்' என்று பெயர் சூட்டி, மஞ்சள் தாளில் அச்சடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து சரவணப் பொய்கை வரை ஒட்டிவிட்டார்.

கதை என்று சொல்லும்படி அதில் ஒன்றும் கிடையாது. ஒரு தீவு. ஓயாத வெயில். நீச்சலுடை போட்ட பெண்கள் மணலில் பந்து விளையாடுவார்கள். பந்து கடலில் போய் விழும். அதை எடுக்க எல்லாரும் கடலுக்குள் ஓடுவார்கள். தொப்பி வைத்த ஒரு தடியன் தென்னை மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பான். அவன் தலையில் தேங்காய் விழும். அவனுக்கு மயக்கம் தெளிவதற்குள் மறுபடியும் பந்து ஆரம்பித்துவிடும். வில்லனுக்கும் கல்யாணத்துக்கும் வரதட்சிணைக்கும் அந்தத் தீவில் இடமே இல்லை.

நாகராஜனுக்கு அந்தப் படம் பிடித்துப் போயிற்று. வெளியே சொன்னால் மானம் போகும் அளவுக்குப் பிடித்துப் போயிற்று. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவன் குமாஸ்தா. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், பள்ளிப்பட்டிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் வரும் தறிக்காரர்கள் நூல் எங்கே, பாவு எங்கே என்று பிடுங்கி எடுப்பார்கள். வெயில்தீவில் யாரும் யாரிடமும் நூல் கேட்கவில்லை. அவன் பெண்களைப் பார்க்கத்தான் போனான், அதை மறைப்பானேன்? ஆனால் வெளியே வந்தபோது, ஒரு வேலையும் செய்யாமல், ஒருவரையும் திட்டாமல், நாளெல்லாம் சிரித்துக்கொண்டிருக்க ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்ற சந்தோஷமும் கூட வந்தது. சரிபாதி வெட்கம், சரிபாதி குதூகலம். அடுத்த ஞாயிறும் போவது என்று தீர்மானித்துக்கொண்டான்.

அதற்குள் கமிட்டி வந்துவிட்டது. சங்கத் தலைவர் பரந்தாமன்தான் கமிட்டிக்கும் தலைவர். கூட்டத்துக்கு நாற்காலி தூக்கிப் போடுகிறவன் எவனோ அவனே காரியதரிசி என்பது நம் நாட்டு மரபு. ஆகையால் நாகராஜன் காரியதரிசி ஆனான்.

முதல் கூட்டத்தில் பரந்தாமன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். ஆனால் மஞ்சள் உடைக்காரி பாறைமேல் ஏறி, பக்கவாட்டில் திரும்பி, கூந்தலைப் பிழிகிறாளே, அதை எந்தத் தன்மானத் தமிழன் பொறுப்பான்? நீல உடைக்காரியையாவது மன்னிக்கலாம். அவள் சீக்கிரமே கழுத்தளவு தண்ணீருக்குள் போய்விடுகிறாள்!"

அடுத்துப் பேசியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் சடகோபன். "நம் இலக்கியத்தில் பந்தாட்டம் உண்டு. புனலாட்டமும் உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் ஆடவிடும் துணிச்சல் நம் புலவர் எவருக்கும் வரவில்லை. இதைத்தான் பண்பாடு என்கிறோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கண்ணை மூடியவர் சிறிது நேரம் திறக்கவில்லை.

படத்தை நிறுத்த வழி இல்லை. அரசாங்கமே பார்த்து, முத்திரை குத்தி அனுப்பிய படம். படத்தைத் தடுக்க முடியாவிட்டால் பார்க்கிறவனைத் தடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. கொட்டகைக்கு எதிரே சோடாக்கடையில் அரிசி மில் கஜபதி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே போகும் உள்ளூர்க்காரர்களைக் கவனிப்பார். மறுநாள் கடைத்தெருவில் ஒலிபெருக்கி கட்டி அவர்கள் பெயரை வாசிப்பது. வெளியூர் பக்தர்களுக்கு விலக்கு. அவர்கள் நன்னடத்தையை அவரவர் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

முதலில் மாட்டியவன் கே.ஜி.கண்டிகை டீக்கடை ஆனந்தன். "ஞாயிறு காலை, பெஞ்சு டிக்கெட், முன் வரிசை" என்று நாகராஜன்தான் மைக்கில் வாசிக்க வேண்டியிருந்தது. அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே ஆனந்தன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். கடையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் ஆனந்தன் உட்கார்ந்திருந்தான்.

அதைப் பார்த்ததும் நாகராஜனுக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது. அவன் மனைவி தமயந்தி பள்ளிப்பட்டுக்காரி, தாய்மாமன் மகள். "எங்க பாவா பொம்பளைங்க இருக்கற காலண்டரக்கூட நிமுந்து பாக்க மாட்டாரு" என்று தெருக்குழாயடியில் பெருமை அடித்துக்கொள்கிறவள். தன் பெயர் அந்த மைக்கில் வந்தால் அவள் எந்த முகத்தோடு தண்ணீர் பிடிக்கப் போவாள்? ஆனாலும் ஞாயிறு நெருங்க நெருங்க படத்தில் பந்தாட்டத்துக்கு வரும் ஊதுகுழல் பாட்டு காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

வழி தானாகவே கண்ணில் பட்டது. மலையில் முடி இறக்கிவிட்டு வரும் ஆந்திரத்துப் பக்தர்கள், பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் நேரே கொட்டகைக்குள் போனார்கள். கஜபதி அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிவிட்டால் மாமன் யார், மச்சான் யார் என்று பெற்றவளுக்கே தெரியாது.

ஆனால் நாகராஜனுக்குத் தலைமுடி சாமானியமானதா? முன்நெற்றியில் குருவிக்கூடு வைத்துச் சீவுவதற்கு அவன் தினமும் கண்ணாடி முன் நிற்கும் நேரத்தில் தமயந்தி ஒரு சமையலையே முடித்துவிடுவாள். சனிக்கிழமை முழுவதும் குருவிக்கூட்டுக்கும் வெயில்தீவுக்கும் நடுவே அல்லாடினான். ஞாயிறு விடிந்ததும் மலையேறி, முடி இறக்கும் இடத்தில் போய்க் குந்தினான்.

"இந்த முடியையாங்க எடுக்கச் சொல்றீங்க?" என்றார் நாவிதர்.

"ஆங்."

"வேண்டுதலுங்களா?"

"ஆங்."

"இந்த மாசம் உள்ளூர் ஜனத்துக்குப் பக்தி முத்திப்போச்சுங்க. காலைலர்ந்து உள்ளூர்த் தலையாவே வந்துகினு இருக்குது."

நாகராஜன் அதைக் காதில் வாங்கவில்லை. குருவிக்கூடு மடியில் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். மனசுக்குள் முருகனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

கீழே வந்தபோது சோடாக்கடையில் கஜபதியின் நாற்காலி காலியாக இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்து உள்ளே போனான். கொட்டகை முழுக்கச் சந்தனம் மணத்தது. முன் வரிசையிலிருந்து கடைசி வரை மொட்டைகள். விளக்கு அணைந்தது. தீவு வந்தது, வெயில் வந்தது, பந்து வந்தது. பிரிண்ட் பழசாகிச் சிவந்து போயிருந்ததால் கடல்கூடச் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. அதனால் என்ன? நாகராஜன் உள்ளங்காலிலிருந்து உச்சி வரை குளிர்ந்து போனான்.

"இப்போது தேங்காய் விழும், கவனியுங்கள்" என்று பக்கத்து மொட்டை தூய தமிழில் கிசுகிசுத்தது.

நாகராஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சடகோபன் ஐயா! அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "மாதி நகரி" என்று தெலுங்கில் முனகினான். நகரிக்காரன் என்று சொல்லிக்கொண்டால் பேச்சு அதோடு முடியும் என்று பார்த்தான்.

"மாதி புத்தூரு" என்று உடனே சொல்லிவிட்டு அவரும் முகத்தை மூடிக்கொண்டார். முன் வரிசையில் ஒரு மொட்டை இருமியது. சங்கத்தில் தலைவர் அறையிலிருந்து தினமும் கேட்கிற இருமல் அது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மொட்டை, இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது. நாகராஜன் நாற்காலிக்குள் எவ்வளவு குறுக முடியுமோ அவ்வளவு குறுகினான். ஆனால் எழுந்து மட்டும் போகவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தலையிலும் மயிர் இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் மேலே சுற்றாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன ஞாயிறு ஓர் உள்ளூர்க்காரர்கூட அந்தக் கொட்டகைக்குள் போகவில்லை" என்று பரந்தாமன் தொடங்கினார். "மாறாக, ஊரில் பக்தி பெருகியிருக்கிறது. திரும்பிய பக்கமெல்லாம் மொட்டை. இது நம் கமிட்டியின் சாதனை!"

எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கஜபதிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஆனா தலைவரே, சில பேரு பொய் மொட்டை அடிச்சிகினு உள்ள பூந்துர்றானுங்கன்னு பேசிக்கறாங்க."

பரந்தாமன் தலையைத் தடவப் போய், சட்டென்று கையை இறக்கிக்கொண்டார். பதில் சொல்லாவிட்டால் சந்தேகம் தம் பக்கம் திரும்பும். ஆகவே உடனே தீர்மானம் போட்டார். மொட்டை அடித்த உள்ளூர்க்காரர்கள் அனைவரும் சங்கத்து வாசலில் ஊர் முன்னிலையில் வந்து, தங்கள் வேண்டுதல் என்னவென்று சொல்ல வேண்டியது. கமிட்டி உறுப்பினர்களுக்கு விலக்கு, ஏனென்றால் அவர்கள் வேண்டுதல் பொதுநலம் சம்பந்தப்பட்டது, வெளியே சொல்லக் கூடாதது.

"எனக்குங்க?" என்றான் நாகராஜன்.

"காரியதரிசி என்பவர் ஊழியர். உறுப்பினர் அல்லர்" என்று சடகோபன் விளக்கினார்.

விசாரணை நாளில் சங்கத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே திரண்டு வந்திருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அங்கே வேலியும் ஓணானும் ஒன்றாக உட்கார்ந்து விசாரணை நடத்தின.

முதலில் ஆனந்தன் வந்தான். அவனும் மொட்டை.

"உன் வேண்டுதல் என்ன?"

"பொஞ்சாதி திரும்பி வரணும்னுங்க."

"அவள் ஏன் போனாள்?"

"நீங்க மைக்குல என் பேர சொன்னீங்க, அதாலங்க."

கமிட்டியார் தலைகளைக் கூட்டி ஆலோசித்தார்கள். வேண்டுதல் செல்லும் என்றும், அப்படி ஒரு பக்தி பிறக்கக் காரணமாக இருந்த கமிட்டிக்கு ஆனந்தன் நன்றி சொல்ல வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. ஆனந்தன் நன்றி சொன்னான்.

அடுத்து வந்த விசைத்தறிக்காரன், கரண்ட் ஒழுங்காக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னான். "வந்துச்சா?" என்று கேட்டார் கஜபதி. "வரலீங்க. ஃபேனு சுத்தல, தலையிலயாவது காத்து படட்டும்னு எடுத்துட்டேன்" என்றான் அவன். இதில் பக்தி பாதி, சௌகரியம் பாதி என்று கண்டுபிடித்த கமிட்டி, பாதித் தலைக்கு மட்டும் ஆட்சேபம் இல்லை என்றது.

பிறகு நாகராஜனைக் கூப்பிட்டார்கள். வீட்டில் வெறுமனே வேண்டுதல் என்று சொல்லித் தப்பியிருந்தவன், இங்கே ஒரு பொய்யை நன்றாகத் தயார் செய்துதான் வந்திருந்தான். பெண்கள் வரிசையில் தமயந்தி நிற்பதைப் பார்த்ததும் அது மறந்தே போயிற்று. வாயில் வந்ததைச் சொன்னான்.

"போன வருசம் எங்க வூட்டுக்காரிக்கு மஞ்சக் காமாலை வந்துச்சுங்க. அவ பொழச்சா முடி குடுக்கறேன்னு அன்னிக்கே வேண்டிகினேங்க."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்றால் இதுதான். காமாலை வந்தது நிஜம். அவன் பயந்து அழுததும் நிஜம். ஆனால் அப்போது முடியின் ஞாபகமே அவனுக்கு வரவில்லை. சடகோபன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துக்காட்டான இல்லறம்!" என்றார் பரந்தாமன். தமயந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள்.

அன்று ராத்திரி அவள் அவனுக்கு இரண்டு கரண்டி நெய் அதிகம் ஊற்றினாள். அவன் நெய் படாத பக்கமாகப் பார்த்துச் சாப்பிட்டான்.

மறுநாள் மாலை சங்கத்திலிருந்து வீடு திரும்பியபோது தமயந்தி வாசலில் நின்றிருந்தாள். அவள் தலை மழமழவென்று இருந்தது. அதன்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இடுப்புக்குக் கீழே புரளும் கூந்தல் அவளுடையது. கல்யாணத்தில் அவள் பின்னலைப் பார்த்துத்தான், சீர் போதாது என்று முணுமுணுத்த அவன் அம்மா வாயை மூடினாள்.

"எனக்கோசரம் நீங்க உசுரா வெச்சிருந்த குருவிக்கூட்டயே குடுத்தீங்களே பாவா. நான் பதிலுக்குக் குடுக்க வேணாமா? மலைக்குப் போயிட்டு வந்துட்டேன்."

நாகராஜன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெயரை மைக்கில் வாசித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. தன்னைப் போல் ஒரு கேவலமான மனுஷன் இந்த மலையைச் சுற்றி ஏழு ஊரிலும் இருக்க மாட்டான் என்று நினைத்தான். அழுதான். அழுதுகொண்டே பந்து, பாறை, மஞ்சள் உடை, தேங்காய் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

தமயந்தி உள்ளே போனாள். பாத்திரங்கள் பேசின. சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தாள். அதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"அப்போ எனக்கோசரம் இல்ல. அந்தப் படத்துக்கோசரம்தான் மொட்ட அடிச்சிகினே."

"ஆங்."

"அப்ப என் முடியும் அந்தப் படத்துக்குத்தான் போயிருக்குது."

அவன் தலை குனிந்தான்.

"ஞாயித்துக்கெழம கெளம்பு. இவ்ளோ முடி குடுத்துட்டு என்னா ஏதுன்னு நானும் பாக்க வேணாமா?"

"அய்யோ தமயந்தி, அதுக்குப் பொம்பளைங்க யாரும் வர மாட்டாங்க."

"வர மாட்டாங்களா? படம் பூரா பொம்பளைங்கதான்னு நீதானே சொன்னே!"

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் பெண்கள் டிக்கெட் சன்னல் அந்தக் கொட்டகையில் ஒருநாளும் திறந்ததில்லை. சிங்காரமே வந்து துருப்பிடித்த தாழ்ப்பாளைச் செங்கல்லால் தட்டித் திறந்தார். "அம்மா, இது சாமி படம் இல்லம்மா" என்றார். "தெரியும், டிக்கெட்டக் குடு" என்றாள் தமயந்தி. பெண்கள் பக்கம் போகாமல் நேராக நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். இருட்டில் அவளும் ஒரு மொட்டைதான். யாரும் கவனிக்கவில்லை.

படம் ஓடியது. நாகராஜன் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எழுந்து போவாள், இப்போது அடிப்பாள் என்று காத்திருந்தான். அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடியன் எட்டிப் பார்த்தான். தேங்காய் விழுந்தது. தமயந்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கொட்டகை நடுங்கியது. பெண் குரல்! சந்தனத் தலைகள் எல்லாம் நத்தை போல உள்ளே இழுத்துக்கொண்டன. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"எவ்ளோ சந்தோசமா இருக்குதுங்க பாரு" என்று நாகராஜனின் கையைப் பிடித்தாள். "பொடவ நனஞ்சிடுமேன்னு கவல இல்ல. வூட்டுல ஒல கொதிக்குதேன்னு கவல இல்ல. தண்ணிய பாத்தா ஓடுதுங்க! அய்யோ, பந்து போச்சு, பந்து போச்சு!"

நாகராஜனுக்கு மனசு லேசாயிற்று. பல நாளாக வெட்கம் உட்கார்ந்திருந்த இடம் காலியானது போல இருந்தது. அவனும் சிரித்தான். மூன்றாம் தேங்காய்க்கு அவர்களோடு பின்வரிசையும் சிரித்தது.

இடைவேளை விளக்கு எரிந்தது. தமயந்தி எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "மாதி நகரி", "மாதி புத்தூரு" என்று இரண்டு மூன்று பக்கத்திலிருந்து ஈனமாகக் குரல் வந்தது. ஒளிய இடம் இல்லாமல் போன பரந்தாமன் எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"யாரும் பதற வேண்டாம். இது கமிட்டியின் ஆய்வு. இந்தச் சீர்கேட்டை நாங்கள் வாராவாரம் மனவேதனையோடு பார்த்து வருகிறோம். மஞ்சள் உடைக்காரி பாறைமேல் நிற்கும் கட்டத்தைச் சரியாக ஆராய முடியவில்லை என்பதால் ஆபரேட்டரிடம் சொல்லி இரண்டாம் தடவை ஓட்டச் சொன்னதும் நான்தான். அந்த வேதனை எனக்குத்தான் தெரியும்! ஆனால் ஒரு குடும்பப் பெண் இங்கே வருவதா? நாளைக்கே உன் பெயர் மைக்கில் வரும், ஜாக்கிரதை!"

"படிங்க" என்றாள் தமயந்தி. "எங்க பாவாதான மைக்குல படிக்கறவரு."

எல்லாத் தலைகளும் நாகராஜன் பக்கம் திரும்பின. அவன் எழுந்தான். நாக்கு இந்தத் தடவை ஒட்டிக்கொள்ளவில்லை.

"படிக்கறேங்க தலைவரே. மொதல்ல என் பேரு. அப்புறம் இவ பேரு. அப்புறம் முன் வரிசையிலர்ந்து வரிசையா படிச்சிகினே வரேங்க."

முன் வரிசையில் கஜபதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். சடகோபன் கூரையில் ஏதோ இலக்கணம் எழுதியிருப்பது போல அண்ணாந்து பார்த்தார். பரந்தாமன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்தது. விளக்கு அணைந்தது. கடல் வந்தது, வெயில் வந்தது. பரந்தாமனின் மொட்டை நிழல் பாறையையும் அதன்மேல் நின்றவளையும் சேர்த்து மறைத்தது.

"உக்காருங்க தலைவரே, மறைக்குது" என்றாள் தமயந்தி.

கமிட்டி உட்கார்ந்தது.